மணிக்கட்டு ஒடிந்த அன்றே கேட்டிருக்க வேண்டியது

2019 ஜனவரியில் ஒரு மழை நாள். கொடியில் கிடந்த துணியை எடுக்க ஓடிய அத்தை, என் மாமியார், பின்வாசல் படியில் வழுக்கி விழுந்தார். கையை ஊன்றியதில் இடது மணிக்கட்டு ஒடிந்தது. தென்னாப்பிரிக்காவில், டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதி வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எல்லாம் மேட்டிலும் சரிவிலும் கட்டியவை. துணி காயப்போடக்கூடப் பத்துப் படி இறங்க வேண்டும். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள், ஆறு வாரம் கழித்துப் பிரித்தார்கள். அன்று வீட்டில் பாயசம் வைத்தோம். "ஒட்டிக்கிச்சு கண்ணு, இனிமே ஒண்ணும் இல்ல" என்றார் அத்தை.

எலும்பு ஒட்டியது உண்மைதான். ஆனால் அது ஏன் ஒடிந்தது என்று நாங்கள் கேட்கவில்லை, எங்களிடம் யாரும் சொல்லவும் இல்லை. மூன்று வருடம் கழித்து அத்தைக்கு இடுப்பெலும்பு ஒடிந்த பிறகுதான் அந்தக் கேள்வியே எனக்கு வந்தது. உங்கள் வீட்டில் அப்படித் தாமதமாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் திருநெல்வேலிப் பக்கம். 2001இல் கல்யாணமாகி இங்கே வந்தேன். அத்தை பிறந்ததே டர்பனில், 1945இல், மேகசின் பேரக்ஸில். நகராட்சியில் வேலை பார்த்த இந்தியக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்பு அது. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த சட்டத்தின் கீழ் 1960களில் அங்கிருந்தவர்களை சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பிவிட்டார்கள். பேரப்பிள்ளைகள் இங்கிலீஷில் பதில் சொன்னாலும் அத்தை தமிழில்தான் கேள்வி கேட்பார். பிள்ளைகளுக்கு அவர் ஆயா.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் பெய்த மழையில் எங்கள் மாகாணமான க்வாசுலு-நாட்டலில் 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். எங்கள் வீடு தப்பியது, குழாயில் மட்டும் தண்ணீர் இல்லை. தண்ணீர் லாரி வந்தால் தெருவே வாளியோடு நிற்கும். அப்படி ஒரு நாள், நான் உள்ளே இருந்த நேரத்தில், அத்தை அரை வாளித் தண்ணீரைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். சமையலறை வாசலில் கால் தடுமாறியது. மேலேயிருந்து விழவில்லை, நின்ற இடத்திலேயே சரிந்தார், அவ்வளவுதான். வலது கால் குட்டையானது போல, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் தைலத்தோடு ஓடி வந்தார். நல்ல மனசு, ஆனால் அந்த நேரத்தில் தேய்ப்பதும் காலை இழுத்து நேராக்குவதும் "எழுந்து நட, பார்ப்போம்" என்று தூக்கி நிறுத்துவதும் ஆபத்து. தலையணையை இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, அசையாமல் வைத்து, ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தோம். பாதி ரோடு இடிந்து கிடந்த வாரம் அது. வந்து சேர நேரமானது.

நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு ஒடிந்தால், அதை எலும்பின் பலவீனத்தால் வந்த முறிவு என்றே மருத்துவத்தில் எடுத்துக்கொள்கிறார்கள். ஆரோக்கியமான எலும்பு அந்த அளவு அடிக்குத் தாங்க வேண்டும். 2019இல் மணிக்கட்டு ஒடிந்ததும் இதே கதைதான். படி ஈரமாக இருந்தது என்று படியின் மேல் பழி போட்டுவிட்டோம். எங்களுக்கு இன்னொரு அறிகுறியும் கண் முன்னாலேயே இருந்தது. கோவிலுக்குக் கட்டும் சேலை கொஞ்ச நாளாகவே அத்தைக்குத் தரையில் புரண்டது. "சேலை நீளமாப் போச்சு" என்று இடுப்பில் இன்னொரு சுற்று மடித்துச் செருகுவார். சேலை நீளவில்லை, அத்தைதான் குள்ளமாகியிருந்தார். ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரேயில் முதுகெலும்பில் இரண்டு கட்டைகள் நசுங்கியிருந்தது தெரிந்தது. முதுகெலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை யாருக்கும் தெரியாமலே நடந்து முடிகின்றன. வயதானவர்கள் முதுகுவலி என்பார்கள், நாமும் வயசு என்போம். வருடத்துக்கு ஒரு முறை கதவு நிலையில் நிற்க வைத்துப் பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். பிள்ளைகளுக்கு வளர்ச்சி பார்க்கப் போடுகிற அதே கோடுதான்.

ஆபரேஷன் நான்காம் நாள்தான் நடந்தது. வெள்ளத்தில் அடிபட்டு வந்தவர்கள் நிறைய, தியேட்டர் கிடைக்கவில்லை. அந்த நான்கு இரவுகளைப் பற்றி எழுதுவது எனக்குக் கஷ்டம். இரண்டாம் இரவில் அத்தைக்குப் புத்தி தடுமாறத் தொடங்கியது. மேகசின் பேரக்ஸில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, செத்துப்போன தன் அக்காவைக் கூப்பிட்டு "குழாயில தண்ணி வந்துடுச்சு, வாளிய எடு" என்றார். என்னை யாரென்று தெரியவில்லை. நான் அழுதுவிட்டேன்.

ஒரு ஜூனியர் டாக்டர் என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "இது பைத்தியம் இல்லை, மறதி நோயும் இல்லை. இடுப்பு முறிவோடு வருகிற தடுமாற்றம். பெரும்பாலும் சரியாகிவிடும். அவர் கண்ணாடியைக் கொண்டு வாருங்கள், காது மெஷினைக் கொண்டு வாருங்கள், அவர் மொழியில் பேசுங்கள்." நான் இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். தொலைந்துவிடும் என்று பயம். கண்ணும் தெரியாமல் காதும் கேட்காமல் அந்த வார்டில் அவர் எப்படிக் கிடந்திருப்பார் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். மறுநாள் கண்ணாடி மாட்டி, மெஷின் வைத்து, மெதுவாகத் தமிழில் பேசப் பேச, ஆளை அடையாளம் கண்டுகொண்டார்.

பிறகு தேடிப் படித்தபோதுதான் ஹிப் அட்டாக் என்ற ஆய்வு கண்ணில் பட்டது. 17 நாடுகளில், இடுப்பு ஒடிந்த 2970 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு முறிவு தெரிந்து சுமார் 6 மணி நேரத்தில் ஆபரேஷன், மற்றதற்கு வழக்கம் போல, சுமார் 24 மணி நேரத்தில். 2020இல் முடிவு வந்தது. இறப்பில் பெரிய வித்தியாசம் இல்லை, ஒரு பக்கம் 100க்கு 9 பேர், மறுபக்கம் 10 பேர். ஆனால் புத்தித் தடுமாற்றம் 12லிருந்து 9 ஆகக் குறைந்தது, சீக்கிரம் எழுந்து நின்றார்கள், சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள். இங்கிலாந்தின் வழிகாட்டுதல் சேர்த்த அன்றோ மறுநாளோ ஆபரேஷன் நடக்க வேண்டும் என்கிறது. எங்கள் ஊரில் எல்லா நேரமும் அது நடப்பதில்லை. ஆனாலும் "எப்போது, எதற்காகக் காத்திருக்கிறோம்" என்று தினமும் ஒரு முறை மரியாதையாகக் கேட்கலாம். ரத்தப் பரிசோதனை முடிவுக்கா, இதய ஸ்கேனுக்கா, தியேட்டருக்கா என்று தெரிந்தால், நம்மால் நகர்த்தக் கூடியது ஏதாவது இருக்கும். எங்கள் விஷயத்தில் அத்தை சாப்பிடும் மாத்திரைகளின் பெயர் தெரியாமலே ஒரு நாள் போனது. அது என் தவறு. இப்போது அந்தப் பட்டியல் என் போனிலும் குளிர்சாதனப் பெட்டிக் கதவிலும் இருக்கிறது.

ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் கொழுந்தன், பாதி மூட்டு, அதாவது தொடை எலும்பின் தலையை மட்டும் மாற்றுவது, போதாது, தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் முழு மூட்டையும் மாற்ற வேண்டும் என்று போனில் சண்டை போட்டார். அம்மா மேல் உள்ள பாசம்தான். ஹெல்த் என்ற ஆய்வில் 1495 பேருக்கு இந்த இரண்டையும் செய்து ஒப்பிட்டிருக்கிறார்கள், 2019இல் வந்தது. இரண்டு வருடத்துக்குள் மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டது இரண்டு பக்கமும் 100க்கு 8 பேர் அளவில்தான். முழு மூட்டு வைத்தவர்களுக்கு நடமாட்டத்தில் கிடைத்த கூடுதல் நன்மை சிறியது. அதைச் சொன்ன பிறகுதான் கொழுந்தன் அமைதியானார். ஆபரேஷன் முடிந்த மறுநாளே பிசியோதெரபிஸ்ட் வந்து அத்தையை நிற்க வைத்தார். நான் பயந்து தடுத்தேன், தடுத்திருக்கக் கூடாது.

ஊரிலிருந்து என் அம்மா தினமும் போன் பண்ணுவார். "புத்தூர்க் கட்டு மாதிரி அங்க யாரும் இல்லையா? பிரண்டைத் துவையல் அரைச்சுக் கொடு." பிரண்டை கொடுத்தேன், அத்தைக்கு அந்த ருசி பிடித்தது. சாப்பாடாக அதில் தவறே இல்லை. ஆனால் இடுப்பில் சேரும் இடத்தில், தொடை எலும்பின் கழுத்து ஒடிந்தால் கட்டுப் போட்டுச் சேராது, அங்கே போகும் ரத்த ஓட்டமே அறுபட்டுப் போகலாம். இதை அம்மாவுக்குப் புரிய வைக்க மூன்று நாள் ஆனது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் முக்கியமான பகுதி. டிஸ்சார்ஜ் தாளில் வலி மாத்திரை இருந்தது, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து இருந்தது, தையல் பிரிக்கத் தேதி இருந்தது. எலும்பைப் பலப்படுத்துகிற மருந்து என்று ஒன்றும் இல்லை. இதை ஒரு ஆஸ்பத்திரியின் குறையாக நான் சொல்லவில்லை. உலகம் முழுக்க நடக்கிறது. எலும்பை ஒட்டுகிற டாக்டர் ஒருவர், எலும்பின் பலத்தைப் பார்க்கிற டாக்டர் இன்னொருவர், இடையில் நோயாளி விழுந்துவிடுகிறார்.

நான் மாலையில் வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருகிறேன். அதனால் இந்த ஆய்வுகளின் எண்களைப் பார்த்தபோது எனக்கு ஒன்று பிடிபட்டது, அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 1996இல் வந்த ஆய்வு ஒன்று. ஏற்கனவே முதுகெலும்பு நசுங்கிய 2027 பெண்கள், அதாவது அத்தை மாதிரியே. அவர்களில் 1022 பேருக்கு அலெண்ட்ரோனேட் என்ற மாத்திரை, 1005 பேருக்கு அதே போல் இருக்கும் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் தெரியாது. சுமார் மூன்று வருடத்தில் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 22 பேருக்கு இடுப்பு ஒடிந்தது, மருந்து சாப்பிட்டவர்களில் 11 பேருக்கு. பாதியாகக் குறைந்தது என்று விளம்பரம் சொல்லும். 100க்கு 2 என்பது 1 ஆனது என்று கணக்கு சொல்லும். இரண்டும் உண்மை. எனக்குள் நின்றது அந்த 22 பேர்தான். வெறும் மாத்திரை என்று தெரியாமலே மூன்று வருடம் விழுங்கி, விழுந்து, இடுப்பை ஒடித்துக்கொண்டவர்கள். அவர்கள் கொடுத்த கணக்கை வைத்துத்தான் இன்று என் அத்தைக்கு மருந்து எழுத முடிகிறது. அவர்கள் பெயர்கூட நமக்குத் தெரியாது. அதைப் படித்த அன்று சாமி விளக்கேற்றும்போது அவர்களையும் நினைத்துக்கொண்டேன்.

2007இல் வந்த இன்னொரு ஆய்வு இன்னும் நேராக எங்கள் நிலைமைக்குப் பொருந்தியது. இடுப்பு ஆபரேஷன் முடிந்து 90 நாளுக்குள் சோலெட்ரானிக் ஆசிட் என்ற ஊசி மருந்தை வருடத்துக்கு ஒரு முறை கொடுத்துப் பார்த்தார்கள், 2127 பேர். மறுபடி எலும்பு ஒடிந்தவர்கள் 100க்கு சுமார் 14லிருந்து 9க்குக் குறைந்தார்கள். இறந்தவர்கள் 13லிருந்து 10க்குக் கீழே வந்தார்கள். அத்தைக்கு நெஞ்செரிச்சல் உண்டு. வார மாத்திரையை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும், அது அவருக்கு ஒத்துவராது. எனவே ஊசி கேட்டோம். கேட்டோம் என்பதுதான் முக்கியம், தானாக வரவில்லை. எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்காமல் கொடுக்கலாமா என்று கேட்டேன். இடுப்பே ஒடிந்துவிட்ட பிறகு ஸ்கேனுக்காக மருந்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை என்றார் டாக்டர். முதலில் சிறுநீரகம், கால்சியம், வைட்டமின் டி மூன்றும் பார்த்தார்கள். ஆடிக்கொண்டிருந்த ஒரு பல்லையும் முன்கூட்டியே எடுத்துவிட்டோம், ஏனென்றால் இந்த மருந்து போட்ட பிறகு பல் பிடுங்கினால் அபூர்வமாகத் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். ஊசி போட்ட மறுநாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தன. முதல் முறை இது சகஜம் என்று முன்பே சொல்லியிருந்ததால் பாராசிட்டமால் கொடுத்துச் சமாளித்தோம். சொல்லாமல் இருந்திருந்தால் இரண்டாவது ஊசிக்கு அத்தை வந்திருக்கவே மாட்டார்.

டர்பன் பக்கம் ஃபீனிக்ஸில் இருக்கும் சின்னம்மாவுக்கு வேறு மருந்து, 6 மாதத்துக்கு ஒரு முறை டெனோசுமாப். கொரோனா சமயத்தில் இரண்டு ஊசி விட்டுப்போனது. அந்த மருந்தை நிறுத்தினால் எலும்பு வேகமாகக் கரையும், முதுகெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நசுங்கலாம். அவருக்கு அதுதான் நடந்தது. அந்த ஊசி போடுகிறவர்கள் தேதியைத் தவறவிடாதீர்கள், நிறுத்துவதானால் மாற்று மருந்து என்ன என்று முதலில் கேளுங்கள். அத்தை போடும் மருந்து எலும்பிலேயே தங்கும் என்பதால் சில வருடம் கழித்து இடைவெளி விடலாம். தொடையிலோ கவட்டையிலோ மந்தமான வலி புதிதாக வந்தால் உடனே காட்டச் சொல்லியிருக்கிறார்கள். தொடை எலும்பில் விரிசல் விடுவதன் அறிகுறியாக இருக்கலாம். அதுவும் அபூர்வம்தான், தெரிந்திருந்தால் போதும்.

"இதெல்லாம் வெள்ளைக்காரங்க வியாதிம்மா, நம்ம ஆளுங்களுக்கு எலும்பு கெட்டி" என்று கோவிலில் ஒரு பெரியவர் சொன்னார். அப்படி இல்லை. க்வாசுலு-நாட்டல், கௌட்டெங், வெஸ்டர்ன் கேப் மூன்று மாகாணங்களில் இடுப்பு முறிவுகளை எண்ணி 2020இல் வெளியிட்டார்கள். வெள்ளையர்களுக்கு அடுத்து அதிகமாக இருந்தது இந்திய வம்சாவளியினருக்குத்தான். டர்பன் பகுதி அரசு ஆஸ்பத்திரிகளில் இடுப்பு ஒடிந்து வந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வும் இருக்கிறது. ஒரு வருடத்துக்குள் மூன்றில் ஒருவர் இறந்துபோயிருந்தார். அந்த வரியைப் படித்துவிட்டு அத்தை தூங்கும் அறைக்குப் போய்ச் சும்மா நின்று பார்த்துவிட்டு வந்தேன். நம் வீடுகளில் சர்க்கரை நோயும் அதிகம். சர்க்கரை இருப்பவர்களுக்கு ஸ்கேனில் அடர்த்தி நன்றாகத் தெரிந்தாலும் எலும்பு எளிதில் ஒடியலாம், அதை நினைவில் வையுங்கள்.

சத்து விஷயத்தில் நான் நிறையப் பணம் வீணாக்கினேன். வைட்டமின் டி டப்பா டப்பாவாக வாங்கினேன், வீட்டில் எல்லாருக்கும். அமெரிக்காவில் 25,871 பேரிடம் தினம் 2000 யூனிட் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2022இல் வந்தது, குறைபாடு பார்க்காமல் பொதுவாகக் கொடுத்ததில் முறிவு குறையவில்லை. ஆஸ்திரேலியாவில் வயதான பெண்களுக்கு வருடத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் கொடுத்தபோது விழுவதும் ஒடிவதும் கூடியே போயின. குறைபாடு இருந்தால் சரிசெய்ய வேண்டும், அத்தைக்கு இருந்தது, சரிசெய்தோம். அதற்கு மேல் அள்ளிக் கொட்டிப் பிரயோஜனமில்லை.

சாப்பாடு வேறு விஷயம். ஆஸ்திரேலியாவில் 60 முதியோர் இல்லங்களில் பாதியில் பால், தயிர், சீஸ் கூடுதலாகக் கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் எலும்பு முறிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மாத்திரையே இல்லை, சாப்பாடுதான். அத்தைக்குப் பால் பிடிக்காது, ஆனால் அமாசி என்கிற இந்த ஊர்ப் புளித்த பால் பிடிக்கும், மோர் மாதிரி உப்புப் போட்டுக் குடிப்பார். டின் மீன் குழம்பில் மெத்தென்று இருக்கும் முள்ளை முன்பெல்லாம் எடுத்துக் கீழே போட்டுவிடுவார். இப்போது போடுவதில்லை, அதில் கால்சியம் இருக்கிறது. புரட்டாசியில் கவிச்சி இல்லாத மாதம் முழுக்கப் பருப்பும் அமாசியும் கூட்டிக் கொடுக்கிறேன். இல்லையென்றால் அந்த மாதத்தில் கால் தளர்ந்துவிடுகிறது.

கால் பலம்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. நூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், உடற்பயிற்சி செய்யும் முதியவர்கள் விழுவது சுமார் நான்கில் ஒரு பங்கு குறைகிறது. வெறும் நடை போதாது, தடுமாறாமல் நிற்கிற பயிற்சியும் தொடைக்குப் பலமும் வேண்டும். பழைய துணியில் பை தைத்து, அரைக் கிலோ பருப்பைக் கட்டிக் கணுக்காலில் சுற்றிவிட்டேன். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு காலை ஒவ்வொன்றாகத் தூக்குவார். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவார், முதல் மாதம் இரண்டு தடவை, இப்போது பத்து. குதிகாலை ஒட்டி நுனிக்காலை வைத்துத் தாழ்வாரத்தில் நடப்பார், பேத்தி பின்னாலேயே எண்ணிக்கொண்டு வருவாள்.

என் வீட்டுக்காரர் பின்வாசல் படிக்கு இரண்டு பக்கமும் இரும்புக் கைப்பிடி வெல்டிங் வைத்தார். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் இறங்கும்போது உதவும், ஏறும்போது கை மாறிவிடும். லோட்ஷெடிங் என்று முறை வைத்துக் கரண்டை நிறுத்திய ராத்திரிகளில் கழிவறைக்குப் போகும்போதுதான் எங்களுக்குப் பயம், கரண்ட் போனாலும் தானாக எரியும் பல்பை அந்த வழியில் மாட்டினோம். படுக்கையிலிருந்து எழுந்தால் தலை சுற்றுகிறது என்று அத்தை சொல்லிக்கொண்டே இருந்தார். கிளினிக்கில் நின்றபடி பிரஷர் பார்த்து, ஒரு மாத்திரையைக் குறைத்தார்கள், தூக்க மாத்திரையை மெல்ல நிறுத்தினார்கள்.

அத்தை இப்போது கோலோடு நடக்கிறார். காவடித் திருவிழாவுக்கு உம்பிலோ கோவிலுக்கு வந்து, நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தூக்கிச் செருகாமல் கட்டுவதற்காக அவர் சேலைகளுக்கு அடியில் மடித்துத் தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

போன வாரம் எங்கள் தெரு முனையில் இருக்கும் அக்கா கையில் மாவுக்கட்டோடு வந்தார். வயது 66. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது தடுக்கி விழுந்தாராம். "ஒண்ணும் இல்லமா, ஆறு வாரத்துல சரியாயிடும்" என்றார். நான் உள்ளே போய் பேனா எடுத்து வந்து ஒரு தாளில் எழுதினேன்: இது பலவீனத்தால் ஒடிந்ததா? என் முதுகெலும்புக்கு எக்ஸ்ரே வேண்டுமா? எலும்புக்கு மருந்து எப்போது ஆரம்பிக்கலாம்? கட்டுப் பிரிக்கிற அன்று டாக்டரிடம் இந்த மூன்றையும் கேட்காமல் எழுந்து வராதீர்கள் என்றேன். அக்கா தாளை மடித்துக் கைத்தூளிக்குள் செருகிக்கொண்டார். அத்தை உள்ளேயிருந்து குரல் கொடுத்தார், "நீயும் கூடப் போ கண்ணு, அவ கேக்க மாட்டா." 14ஆம் தேதி காலை போகிறோம்.